தேய்க்காத இரும்பு

பழைய துப்பாக்கி வாங்கப் போகிறவன் அதில் என்ன செய்திருக்கிறார்கள் என்று பார்ப்பதைவிட, என்ன செய்யாமல் விட்டிருக்கிறார்கள் என்றுதான் பார்க்க வேண்டும். கோபாலசாமி இதை மூன்று வருஷம் அலைந்து கற்றுக்கொண்டான்.

2001-இல் டெக்ஸஸில் ஒரு டெலிகாம் கம்பெனி அவனையும் இன்னும் நானூறு பேரையும் ஆளுக்கொரு அட்டைப்பெட்டியோடு வெளியே அனுப்பியது. பதினொரு மாசம் வேலை இல்லை. சனி ஞாயிறு வீட்டில் மனைவி விஷாகாவின் முகத்தைப் பார்த்துக்கொண்டு உட்கார முடியாமல் மெஸ்கீட், ஃபோர்ட் வொர்த் என்று துப்பாக்கிச் சந்தைகளுக்குப் போக ஆரம்பித்தான். வாங்கக் காசு கிடையாது. அதனால் பார்த்தான். காசில்லாதவனைப் போல் உற்றுப் பார்க்கிறவன் உலகத்தில் இல்லை. பிறகு பிளானோவில் வேலை கிடைத்தது, காசு வந்தது. பார்க்கிற பழக்கமும் கூடவே ஒட்டிக்கொண்டது.

அவன் தேடியது ஒற்றைக் குண்டு ரைபிள். ஒரு தோட்டாவைப் போட்டு, சுட்டு, வெறும் கூட்டை வெளியே எடுத்துவிட்டு அடுத்ததைப் போட வேண்டும். 1880-களில் வந்த வின்செஸ்டர் கம்பெனியின் ஹை வால் மாடல். நிறையத்தான் செய்தார்கள், நிறையத்தான் கிடைக்கிறது. ஆனால் நீளக் குழல், இரட்டை விசை, அதிகம் விற்காத தோட்டா அளவு, இந்த மூன்றும் ஒன்றில் சேர்வது அபூர்வம். அபூர்வமாக இருந்தால் மட்டும் போதாது. ஊரில் ஒன்றே ஒன்றுதான் இருக்கிறது என்பதற்காக எதற்கும் விலை வந்துவிடாது. அது வேண்டுமென்று தூக்கம் கெட்டு அலைகிறவன் இரண்டு பேராவது இருக்க வேண்டும். இரண்டு பேரில் ஒருவனாக கோபாலசாமி இருந்தான்.

2004 செப்டம்பர் கடைசியில் ஒரு சனிக்கிழமை, டெகேட்டரில் ஒரு பெரியவரிடம் அப்படி ஒன்று இருக்கிறது என்று தெரிந்து கிளம்பினான். பக்கத்து சீட்டில் அப்பா.

அப்பா நஞ்சப்பன் கோயமுத்தூர் பீளமேட்டில் ஒரு பம்ப்செட் கம்பெனியில் முப்பத்தாறு வருஷம் ஃபிட்டர். அம்மா தனபாக்கியம் போன வருஷம் போய்ச் சேர்ந்த பிறகு வீட்டில் தனி ஆள். ரேஷன் அரிசியில் தானே பொங்கி, தானே தின்று, தட்டைத் தானே கழுவிக்கொண்டிருந்தவரை ஜூன் மாசம் கோபாலசாமி போய்க் கூட்டிவந்தான். விசாப்படி டிசம்பர் வரை இருக்கலாம். அதற்குள் அவர் சரி என்று சொல்லிவிட்டால் கிரீன் கார்டுக்கு அப்ளை பண்ணி இங்கேயே வைத்துக்கொள்ளலாம். அவன் சிட்டிசன், சிக்கல் ஒன்றும் இல்லை. விஷாகாவுக்கும் சம்மதம். அப்பா மட்டும் நாலு மாசமாக ஒரே பதில் வைத்திருந்தார்.

“பாக்கலாங் கண்ணு.”

அவர் மாட்டேன் என்று சொல்லாததே பெரிசு. அதனால் அவருக்குச் சலிப்புத் தட்டிவிடக் கூடாது என்று கோவில், காஸ்ட்கோ, சர்வீஸுக்கு விடுகிற கார் என்று எங்கே போனாலும் கூட்டிப்போனான். டெகேட்டருக்கும் அப்படித்தான்.

பெரியவர் பெயர் வெர்னான். எண்பதை நெருங்கியவர். சமையலறை வாசலுக்கு மேலே இரண்டு ஆணியில் கிடந்த ரைபிளை அவரே இறக்கி, மேஜையில் ஒரு துண்டை விரித்து வைத்தார். கோபாலசாமி உடனே தொடவில்லை. கைகளைப் பின்னால் கட்டிக்கொண்டு ஒரு சுற்று வந்தான்.

குழல் எட்டுப் பட்டை. பட்டைகள் சந்திக்கிற விளிம்புகள் கத்திபோல் இருந்தன. யாராவது எப்போதாவது தேய்த்திருந்தால் அந்த விளிம்பு மழுங்கியிருக்கும். குழல்மேல் தொழிற்சாலை அடித்த எழுத்துகள் ஒன்று விடாமல் கூர்மையாக இருந்தன. ஒரு காலத்தில் நீலமாக இருந்த இரும்பு இப்போது நாவல்பழத் தோல்போலக் கறுத்துப் பழுத்துக் கிடந்தது. நூறு வருஷம் காற்றில் கிடந்தால்தான் அந்த நிறம் வரும். திருகாணிகளின் வாயில் ஒரு கீறல் இல்லை. யாரும் திறக்கவில்லை. கட்டை, இரும்போடு சேருகிற இடத்தில் மயிரிழை உயர்ந்து நின்றது. யாரும் உப்புத்தாள் போடவில்லை. மேலே தொலைநோக்கி மாட்டத் துளை போடவில்லை. விசைப்பெட்டியின் ஓரத்தில், கை படாத மூலையில் மட்டும், தண்ணீரில் சிந்திய பெட்ரோல்போல ஒரு துளி நீலமும் வைக்கோல் மஞ்சளும் மிச்சம் இருந்தது. அதைப் பார்த்ததும் அவன் குனிந்து மூக்கு உரசுகிற அளவுக்குக் கிட்டே போனான்.

“என் தாத்தாவோடது. என் மனைவி நாற்பது வருஷம் அதைச் சுத்தம் செய்யத் துடித்தாள்” என்றார் வெர்னான். “தொட்டால் விவாகரத்து என்று சொல்லிவைத்திருந்தேன்.”

கோபாலசாமி வாய்விட்டுச் சிரித்தான். துப்பாக்கியின் வரிசை எண்ணை எழுதி வையோமிங்கில் ஒரு மியூசியத்துக்கு அனுப்பித் தொழிற்சாலைப் பதிவேட்டின் நகலையும் வெர்னான் வாங்கி வைத்திருந்தார். குழல் நீளம், தோட்டா அளவு, இரட்டை விசை எல்லாம் பொருந்தியது. இருவரும் ஒரு மணி நேரம் பேசினார்கள். தாத்தா, மான், பஞ்சக் காலம், தோட்டா கிடைக்காமல் இந்த ரைபிள் சும்மா கிடந்த கதை. சும்மா கிடந்ததால்தான் பிழைத்தது.

அப்பா நின்றுகொண்டே இருந்தார். ஒரு வார்த்தை புரியவில்லை. நடுவில் ஒருமுறை குனிந்து, கட்டைவிரலால் குழலைத் தடவி, விரலைத் திருப்பிப் பார்த்தார்.

“ஏங் கண்ணு, துரு ஏறிக் கெடக்குது?”

“சும்மா இருங்கப்பா.”

“உன் அப்பா என்ன சொல்கிறார்?” என்று வெர்னான் கேட்டார்.

“அவருக்குப் பிடித்திருக்கிறதாம்.”

“துப்பாக்கி தெரிந்தவரா?”

“இல்லை. ஒரு ஃபேக்டரியில் வேலை பார்த்தவர்” என்று சொல்லிவிட்டு விலைக்கு வந்தான். வெர்னான் ஒன்பதாயிரம் என்றார். எட்டாயிரத்து ஐந்நூறில் முடிந்தது. பொய் விலை இல்லை. இரண்டு பேருக்கும் அது தெரியும்.

திரும்பி வருகிற வழியில் அப்பா கேட்டார். “அத்தன நேரம் என்ன கண்ணு அப்பிடிச் சிரிச்சுச் சிரிச்சுப் பேசுன? என்ன சொன்னாரு அந்தப் பெரியவரு?”

“ஒண்ணுமில்லப்பா. பழைய கதை.”

“என்ன காசு?”

“கொஞ்சம் ஜாஸ்திதான்.”

அப்பா திரும்பிப் பின் சீட்டில் போர்வைக்குள் கிடந்ததைப் பார்த்தார். “ஏமாந்துட்டியா என்னமோ” என்றார், மெதுவாக. கோபாலசாமிக்குக் காதில் விழுந்தது. டோல்வே நெடுஞ்சாலையில் வண்டி நிறைய இருந்தது. விளக்கம் சொல்ல அரைமணி நேரம் ஆகும். தோட்டா அளவு என்றால் என்ன என்பதில் ஆரம்பிக்க வேண்டும். அவன் ரேடியோவைப் போட்டான்.

அக்டோபர் மூன்றாம் வாரம் அவனை ஆபீஸில் சான்டா கிளாராவுக்கு அனுப்பினார்கள். திங்கள் போய் வெள்ளி காலை வருவது. வெள்ளிக்கிழமை ஆயுத பூசை.

வியாழக்கிழமை போனில் விஷாகா உற்சாகமாகப் பேசினாள். “கோபால், மாமா இந்த வாரம் ஆளே வேற. ரெண்டு சப்பாத்தி எக்ஸ்ட்ரா சாப்பிடறார். கராஜ்ல என்னமோ வேலை. என்னை ஹோம் டிப்போவுக்கு மூணு தடவை டிரைவ் பண்ண வெச்சிட்டார். அரம், எமரி தாள் எல்லாம் படம் வரைஞ்சு காமிச்சு வாங்கறார். கடைக்காரன் அவரோட ஃபிரெண்டாயிட்டான்.”

“என்ன வேலையாம்?”

“சர்ப்ரைஸாம். உங்கிட்ட சொல்லக் கூடாதாம்.” பிறகு குரலைத் தாழ்த்திச் சொன்னாள். “இன்னைக்கு என்ன கேட்டார் தெரியுமா? கிரீன் கார்டு வந்துட்டா இங்க ஒரு சின்ன லேத் வெச்சுக்க கவர்மென்ட்ல விடுவாங்களான்னு.”

கோபாலசாமி போனைக் காதில் வைத்தபடியே ஹோட்டல் ஜன்னல் பக்கம் போய் நின்றான். கேட்டதே சரி என்று சொன்ன மாதிரிதான். அன்று அவன் சந்தோஷமாக இருந்தான். அது நிஜம், அதையும் சொல்லிவிட வேண்டும்.

வெள்ளி காலை வீட்டுக்குள் நுழைந்தபோது கூடத்தில் வாழை இலை, பொரி, கடலை, வெள்ளைப் பூசணி எல்லாம் தயாராக இருந்தன. விஷாகாவின் லேப்டாப்பில் பொட்டு. அரிவாள்மணையில் பொட்டு. அப்பா குளித்து வெள்ளை வேட்டி கட்டி, நெற்றியில் திருநீற்றுப் பட்டையோடு நின்றார். அம்மா போன பிறகு அந்த முகத்தை அவன் அப்படிப் பார்க்கவில்லை.

“கால் கழுவிட்டு வா கண்ணு. ஆயுத பூசைக்கு லேப்டாப்பும் அரிவாமணையும் வெச்சா பத்துமா? ஊட்டுல நெசமான ஆயுதம் ஒண்ணு கெடக்கறப்போ?”

சாமி படத்துக்குக் கீழே இருந்த பட்டுத்துணியை அவரே விலக்கினார்.

ரைபிள் கண்ணாடிபோல் மின்னியது. எட்டுப் பட்டையிலும் கூடத்து விளக்கு எட்டாகத் தெரிந்தது. விசைப்பெட்டி வெள்ளி மாதிரி. கட்டையில் வார்னிஷ். குழலின் நடுவில் சந்தனம், அதன்மேல் குங்குமம்.

“நாலு நாளு. முழுசும் கழட்டிட்டேன்” என்றார் அப்பா. “இந்த ஆணிக்குச் சரியான திருப்புளியே இந்த ஊர்ல இல்ல. ஒண்ண வாங்கி நானே ராவி எடுத்தேன். வாய் ஒண்ணுகூடச் செதையல, பாத்துக்க. மொதல்ல அரம், பொறவு எமரி, நானூறு, அறுநூறு. பட்டை ஒண்ணுக்கொண்ணு மட்டம் சுத்தமா இருக்குது, வேணும்னா ஸ்கேல் வெச்சுப் பாரு. உன்னை ஏமாத்திக் குடுத்தவன் இப்போ வந்து பாத்தான்னா வயிறெரிவான்.”

கோபாலசாமி மண்டியிட்டான். கும்பிடத்தான் மண்டியிடுகிறான் என்று விஷாகா நினைத்தாள். அவன் குழலில் எழுத்துகளைத் தேடினான். தொழிற்சாலை அடித்த எழுத்துகள் நிழலாகக்கூட இல்லை. மூலையில் இருந்த அந்த ஒரு துளி நீலத்தைத் தேடினான்.

“என்னப்பா பண்ணி வெச்சிருக்கீங்க?”

“ஏங் கண்ணு?”

அவன் சொன்னான். காரில் சொல்லாத அரைமணி நேரத்தையும் இப்போது சொன்னான். தமிழில், அவருக்கு நன்றாகப் புரிகிற மாதிரி, ஒன்று விடாமல் சொன்னான். துரு இல்லை அது, நிறம். நூறு வருஷத்து நிறம். விளிம்பு மழுங்காமல் இருந்ததுதான் விலை. எழுத்துதான் விலை. யாரும் தொடாததுதான் விலை. டெக்ஸஸ் முழுக்க மூன்று வருஷம் தேடி, தொடாத ஒன்றைக் கண்டுபிடித்தேன். நீங்கள் தொட்டுவிட்டீர்கள்.

“கோபால், போதும்” என்றாள் விஷாகா.

“ஏழாயிரம் டாலர் போச்சுப்பா. நாலு நாள்ல.”

அப்பா மனசுக்குள் பெருக்கிப் பார்ப்பது உதட்டில் தெரிந்தது. ஏழாயிரத்தை நாற்பத்தைந்தால் பெருக்கினால் மூன்று லட்சத்துச் சொச்சம். முப்பத்தாறு வருஷம் முடித்து அவர் கையில் வாங்கிய பிராவிடண்ட் ஃபண்டு அதைவிடக் கம்மி.

“அழுக்குக்கா அந்தக் காசு?” என்று கேட்டார். குத்தலாகக் கேட்கவில்லை. தெரிந்துகொள்ளக் கேட்டார்.

“ஆமா. அழுக்குக்குத்தான்.”

அவர் தலையாட்டினார். பிறகு குனிந்து, சூடத்தைப் பற்றவைத்து, பூசையை முடித்தார். பூசணிக்காயை வாசலில் உடைக்க வேண்டும். உடைக்காமல் அடுக்களையில் கொண்டுபோய் வைத்துவிட்டார். விஷாகா அன்று முழுக்கக் கோபாலசாமியோடு பேசவில்லை. மத்தியானம் ஒரே ஒரு தடவை அறைக்கு வந்தாள்.

“எனக்கும் நீ சொல்லல. புட்டுப் புட்டு அவருக்குச் சொன்னியே இன்னைக்கு, அதை அன்னைக்கே சொல்ல என்ன கேடு?”

அவன் பயணப் பெட்டியைத் திறந்து துணிகளை எடுத்து வைத்தான். போய் அப்பாவிடம் மன்னிப்புக் கேட்டிருக்கலாம். சனிக்கிழமை கேட்கலாம் என்று நினைத்தான். சனிக்கிழமை அப்பா சாதாரணமாகக் காப்பி குடித்தார், செய்தி பார்த்தார், மழை வருமா என்று கேட்டார். ஆறிவிட்டது போலிருக்கிறது, கிளற வேண்டாம் என்று விட்டான். ரைபிளைக் கராஜில் கொண்டுபோய் ஒரு மூலையில் சாத்திவிட்டு அதன் பக்கம் போகாமல் இருந்தான். வந்த கோபம் போவதற்கு ஒரு வாரம் வேண்டும் என்று தனக்குத்தானே அவகாசம் கொடுத்துக்கொண்டான். மனிதன் தனக்குக் கொடுத்துக்கொள்கிற அவகாசத்தில்தான் எல்லாம் கெட்டுப்போகிறது.

புதன்கிழமை சாயங்காலம் ஆபீஸ் விட்டு வந்தபோது அப்பா பின்கட்டில், புல்தரையில் செய்தித்தாள் விரித்து உட்கார்ந்திருந்தார். பக்கத்தில் வினிகர் பாட்டில், உப்பு டப்பா, கிண்ணத்தில் தண்ணீர், கந்தல் துணி. முன்னால் ரைபிள். மேலிருந்து கீழ் வரை செங்கல் நிறத்தில் பொரிந்து கிடந்தது. துணியை நனைத்து, பிழிந்து, குழந்தைக்குக் காய்ச்சலில் உடம்பு துடைப்பதுபோல் ஒற்றிக்கொண்டிருந்தார்.

மகனைப் பார்த்ததும் எழுந்திருக்கப் பார்த்தார். முழங்கால் ஒத்துழைக்கவில்லை.

“நெறம் வருது கண்ணு, பாரு” என்றார். “இன்னும் செவப்பாத்தான் இருக்குது. வெயில்ல வெச்சு எடுத்தா கறுத்துரும். பட்டறையில பழைய சாமான் மாதிரி காட்ட இப்பிடிப் பண்ணுவோம். நாலு நாளு குடு. அந்தப் பெரியவர் ஊட்டுல இருந்தாப்புலயே கொண்டாந்துர்றேன். எழுத்துத்தான்… எழுத்துக்கு என்ன பண்றதுன்னு தெரியல. வெட்டுளி வெச்சு வெட்டிப் பாக்கட்டுமா?”

உப்பு இரும்புக்குள் இறங்கிக் குழி குழியாகத் தின்றிருந்தது. அப்பா தேய்த்து முடித்தபோது அந்த ரைபிளுக்கு ஏதோ ஒரு விலையாவது மிச்சம் இருந்தது. இப்போது அதுவும் இல்லை. சந்தையில் எவனும் கையில் எடுக்க மாட்டான். கோபாலசாமி ஒரே பார்வையில் அதைக் கணித்துவிட்டான். அந்தக் கணிப்பு வேண்டாம் என்றாலும் நிற்காது, தானாக ஓடும்.

புல்லில் அவருக்கு எதிரே உட்கார்ந்தான். கோபம் வரவில்லை. கோபம் வந்திருந்தால் நன்றாக இருந்திருக்கும்.

“விடுங்கப்பா. போதும்.”

“இல்ல கண்ணு, வந்துரும்…”

“நான் சொன்னது தப்புப்பா. அன்னைக்குக் கோபத்துல… நீங்க பண்ணின வேலைல ஒரு குறையும் இல்ல. விடுங்க.”

அப்பா அவன் முகத்தைப் பார்த்தார். முப்பத்தாறு வருஷம் இரும்பின் மட்டம் பார்த்த கண். பையன் முகத்தைப் படிக்க அதிக நேரம் ஆகவில்லை. துணியைக் கிண்ணத்தில் போட்டார்.

“இன்னும் கெட்டுப்போச்சா?”

கோபாலசாமி பொய் சொல்லியிருக்கலாம். சொல்லத்தான் வாயைத் திறந்தான். வரவில்லை.

அப்பா கையைச் செய்தித்தாளில் துடைத்தார். ஒவ்வொரு விரலாகத் துடைத்தார்.

“நவம்பருக்கே டிக்கெட்டு மாத்தித் தந்துரு கண்ணு.”

“அப்பா, அதுக்கும் இதுக்கும் என்ன சம்பந்தம்? இரும்புதானே. போகட்டும்.”

“இரும்புக்காகச் சொல்லல. இந்த ஊட்டுல எது வெல, எது குப்பைன்னு எனக்குத் தெரியல. நீ நல்லா வெச்சிருக்கறது எனக்கு அழுக்காத் தெரியுது. இருந்தன்னா இன்னும் எதையாச்சும் தொடைச்சு வெச்சுருவேன்.” கொஞ்சம் சிரித்தார். “கை சும்மா இருக்காது, பாத்துக்க.”

விஷாகா அழுது பார்த்தாள். கோபாலசாமி தினமும் சாயங்காலம் அவர் பக்கத்தில் உட்கார்ந்து பார்த்தான். லேத் வாங்கலாம் என்றான். கராஜை முழுக்கக் காலி பண்ணித் தருகிறேன் என்றான். அப்பா எல்லாவற்றையும் கேட்டுக்கொண்டார். பாக்கலாம் என்று ஒருமுறைகூடச் சொல்லவில்லை. அந்தச் சொல்லை அவர் விட்டுவிட்டார் என்பதில்தான் கோபாலசாமிக்கு முடிவு தெரிந்தது. ரைபிளைப் பற்றி யாரும் பேசவில்லை. ஒரு நாள் அவன் அதை உதிரிப்பாகம் வாங்குகிற ஒருவனிடம் கொடுத்துவிட்டு வந்தான். என்ன கிடைத்தது என்று விஷாகா கேட்கவில்லை, அவனும் சொல்லவில்லை.

நவம்பர் பன்னிரண்டாம் தேதி டி.எஃப்.டபிள்யூ ஏர்போர்ட். இங்கிலீஷ் தெரியாத பெற்றோருக்கு எல்லாரும் செய்வதுபோல் கோபாலசாமியும் டிக்கெட்டிலேயே வீல்சேர் கேட்டிருந்தான். நடக்க முடியாததற்காக இல்லை. வீல்சேரில் உட்கார்ந்துவிட்டால் தள்ளுகிறவன் ஒவ்வொரு இடமாகக் கொண்டுபோய் விடுவான், விமானம் மாறுகிற ஃபிராங்க்ஃபர்ட்டில் வழி கேட்க வேண்டாம். ஷிஃப்ட்டுக்கு எட்டு மணி நேரம் நின்றே வேலை பார்த்த மனுஷன், மடியில் பையை வைத்துக்கொண்டு அதில் உட்கார்ந்தார்.

“நல்லா சாப்புடு. அம்மிணிகிட்டச் சண்ட போடாத.”

“போன வருஷம் மாதிரி வீட்டுல தனியா பொங்கிச் சாப்பிடாதீங்கப்பா. ஆள் போட்டுக்கங்க.”

“பாத்துக்கறேன். போ கண்ணு. வண்டி நிறுத்துனதுக்குக் காசு ஓடிட்டே இருக்கும்.”

கயிற்றுக்கு இந்தப் பக்கம் கோபாலசாமியும் விஷாகாவும் நின்றார்கள். தள்ளுகிறவன் இளைஞன். சோதனை வரிசையின் முனையில் நிறுத்தி, குனிந்து ஏதோ சொன்னான். அப்பாவுக்குப் புரியவில்லை. அவன் இரண்டாவது முறையும் சொன்னான். அப்பா தலையைத் திருப்பி, கூட்டத்தில் மகனைத் தேடினார்.

“ஷூவைக் கழட்டச் சொல்றான்ப்பா!” என்று கோபாலசாமி கத்தினான். நடுவில் நூறு பேர். கேட்கவில்லை.

இளைஞன் காத்திருந்து பார்த்துவிட்டு, தரையில் ஒரு காலை மடக்கி உட்கார்ந்து, தானே அவர் ஷூவின் நாடாவை அவிழ்க்கப் போனான். அப்பா பதறிக் காலைப் பின்னுக்கு இழுத்துக்கொண்டார். அவன் தோளைத் தொட்டு, வேண்டாம் வேண்டாம் என்று கையாட்டிவிட்டு, மடியில் இருந்த பையைக் கீழே வைத்தார். சிரமப்பட்டுக் குனிந்து, நாடாவைத் தானே அவிழ்க்க ஆரம்பித்தார்.